முதலில் பந்துக்குக் காற்றடியுங்கள்

வடசென்னையில் ஒரு பள்ளியில் பதினெட்டு வருஷமாக ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பி.டி. மாஸ்டர்கள், தடுப்பு, நடு, தாக்குதல் என்று ஆட்களைப் பிரித்து நிறுத்துவதில் 4-4-2 ஆடலாமா, 4-3-3 ஆடலாமா என்றுதான் கேட்பார்கள். பீரோவில் எத்தனை பந்து இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பந்திலிருந்து ஆரம்பியுங்கள். காற்றடிக்கும் ஊசியை உலர்ந்தபடியே சொருகினால் வால்வு கிழிந்துவிடும். ஒரு சொட்டு கிளிசரின் தடவுங்கள், அவசரத்துக்கு எச்சில் போதும். நேராக, மெதுவாக உள்ளே விடுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி அடித்துவிட்டால் சின்னப் பையன்கள் நெஞ்சில் வாங்கவே பயப்படுவார்கள். ஆறாம் வகுப்புக்கு 4-ஆம் நம்பர் சைஸ் பந்து, எட்டாவதுக்கு மேல் 5.

சரி, கையில் 6 பந்து, மைதானத்தில் 40 பேர். பல மாஸ்டர்கள் பையன்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவராக கோலுக்கு அடிக்கவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து ஒரே பையனை மட்டும் கவனித்தேன். ஒரு மணி நேரத்தில் ஒன்பது தடவைதான் பந்தைத் தொட்டான். மீதி நேரமெல்லாம் முன்னால் நின்றவன் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தான். இப்போது இருபது செங்கல் வைத்து ஐந்து குட்டி மைதானம் போடுகிறேன். நாலுக்கு நாலு, கீப்பர் கிடையாது. 40 பேரும் ஓடுவார்கள், ஒரு பந்து மிச்சமும் இருக்கும்.

அப்புறம் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு வந்ததும் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் பாதி டீமைக் கொண்டுபோய்விடும். சண்டைக்குப் போகாதீர்கள். ஜூன் மாதமே டைம்டேபிளை வாங்கி, அந்தப் பையன்களுக்குக் காலை 6 மணிக்கு ப்ராக்டிஸ் வையுங்கள். மார்க் குறைந்தால் ஆடவிடாமல் நானே உட்காரவைப்பேன் என்று டீச்சருக்கு வாக்கும் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று நடக்கும். 1960-இல் டெல்லியில் தொடங்கிய, பள்ளிகளுக்கான அகில இந்திய ஃபுட்பால் போட்டியான சுப்ரதோ கோப்பைக்குப் போகிற வழியும் உள்ளூர்ச் சுற்றில்தான் ஆரம்பிக்கிறது. பையனுக்கு ஒரு ஃபைல் போடுங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஹெட்மாஸ்டர் கையெழுத்திட்ட படிவம்.

ஒரு வருஷம் எங்கள் கீப்பரின் போட்டோமேல் பள்ளி முத்திரை வாங்க மறந்துவிட்டேன். அவனை ஆடவிடவில்லை. பின்னால் தடுத்து ஆடுகிற பையனை கோலில் நிறுத்தி 5 கோல் வாங்கினோம். திரும்பும்போது பஸ்ஸில் கீப்பர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அதிலிருந்து, போட்டிக்கு இரண்டு நாள் முன்பே படிவங்களை ஸ்டாஃப் ரூம் தரையில் பரப்பிவைத்து, கீப்பரைக் கூப்பிட்டுத்தான் சரிபார்க்கச் சொல்கிறேன்.