வேறொரு கோளுக்கு விண்கலம் அனுப்பத் திட்டமிடுவது எப்படி?

எந்த ராக்கெட் என்று முதலில் கேட்பவர்களை நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். அந்தக் கோளில் எதை அளக்கப் போகிறோம்? அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கருவிகளை அந்த வாக்கியம்தான் முடிவு செய்யவேண்டும். இந்தியாவின் செவ்வாய் விண்கலமான மங்கள்யானின் 1,337 கிலோவில் ஐந்து கருவிகளும் சேர்ந்தே சுமார் 15 கிலோதான். எரிபொருள் மட்டும் 852 கிலோ.

அப்புறம் நாள்காட்டி. செவ்வாய்க்கு ஏவ ஏற்ற காலம் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, சோதனைகளுக்கான மாதங்களை முதலில் ஒதுக்குங்கள். வேலை தாமதமானால் எல்லோரும் கைவைப்பது அதில்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை, கலம் போய்ச் சேரும் நாள். அன்று வேகத்தைக் குறைக்கவேண்டிய மங்கள்யானின் முதன்மை இன்ஜின் ஏறத்தாழ 300 நாள் சும்மா இருந்தது. 2014 செப்டம்பர் 22 அன்று சுமார் 4 விநாடி இயக்கிப் பார்த்துவிட்டு, 24 அன்று சுற்றுப்பாதையில் நுழைந்தார்கள். சிக்னல் வந்துசேரவே 12 நிமிடத்துக்கு மேல். எனவே கலம் தானே முடிவெடுக்கவேண்டும். கட்டளைகளை முன்பே ஏற்றிவையுங்கள்.

அலகுகளையும் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது, விசையை ஒரு குழு பவுண்டிலும் இன்னொரு குழு நியூட்டனிலும் கணக்கிட்டதால்தான்.