ஆர்.ஓ. கத்தினால் என்ன செய்வது? முதல் துப்பாக்கிப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வார இறுதிகளில் நடக்கும் யூ.எஸ்.பி.எஸ்.ஏ. (அமெரிக்க பிராக்டிகல் ஷூட்டிங் சங்கம்) கைத்துப்பாக்கிப் போட்டிக்கு முதல்முறை போகிறவர்கள் எந்த ஹோல்ஸ்டர், எந்தத் தோட்டா, எத்தனை மேகஸின் என்று நன்றாக விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள். பின்னால் டைமரோடு நிற்கும் ரேஞ்ச் ஆபீசர் (ஆர்.ஓ.) திடீரென்று "மஸில்!" என்று கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் நாளே அது நடக்கலாம் என்பதால் இந்தப் பதிவு.

அதற்கு முன் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு மேலே படியுங்கள்.

படி 1: ஆர்.ஓ. யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிளப் போட்டிகளில் ஆர்.ஓ.வுக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் உங்கள் ஸ்குவாடிலேயே, அதாவது உங்களோடு சேர்ந்து சுற்றும் குழுவிலேயே, சுடுகிறவர்தான். தன் முறை வந்ததும் டைமரை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சுடுவார், முடித்துவிட்டு வந்து திரும்ப வாங்கிக்கொள்வார். நேஷனல் ரேஞ்ச் ஆபீசர்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்தும் வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதித் தேறியவர்கள் பலர். நீங்கள் எங்கே சுட்டீர்கள் என்பது அவருக்கு அப்புறம்தான். நீங்கள் ஓடி ஓடிச் சுடும் அந்த ஓட்டம் முழுக்க அவர் கண் உங்கள் துப்பாக்கியையும் விரலையும் விட்டு நகராது.

நம் ஆட்களுக்குச் சிக்கல் இங்கேதான் வருகிறது. நாலு பேர் பார்க்க, மகன் வயதுப் பையன் ஒருவன் அதட்டினால் முகம் சுண்டிப்போகிறது. அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் காதில் இயர்மஃப், பக்கத்து ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்று நடக்கும் இடம்) வெடிச்சத்தம். "சார், கொஞ்சம் குழலைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தன்மையாகச் சொன்னால் அது உங்கள் காதுக்கு வந்து சேராது. அதனால் ஒற்றைச் சொல், அதுவும் உரத்த குரலில். கையில் காசு இருந்தால் பேச்சுக்குரலைக் கேட்கவிடும் எலக்ட்ரானிக் இயர்மஃப் வாங்குங்கள். நான் பார்த்தவரை, பாதிச் சச்சரவு சரியாகக் காதில் விழாததால் வருவதுதான்.

படி 2: மூன்று சொற்கள்

"மேக் ரெடி" (தயாராகுங்கள்) தொடங்கி "ரேஞ்ச் இஸ் க்ளியர்" (ஓட்டம் முடிந்தது) வரை உள்ள வழக்கமான கட்டளைகளைப் புதியவர்களுக்கான வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கூடுதலாக நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியவை இவை:

"ஃபிங்கர்": சுடாத நேரத்தில் விரல் ட்ரிகர் வளையத்துக்குள் இருக்கிறது. உடனே வெளியே எடுத்து, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டி வைக்க வேண்டும்.

"மஸில்": குழல் முனை 180 டிகிரிக் கோட்டை நெருங்குகிறது. குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டைப் பார்த்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் வருவதுதான் அந்தக் கோடு. குழல் அதைத் தாண்டிப் பின்பக்கம் போனால் அன்றைய போட்டி உங்களுக்கு முடிந்தது.

"ஸ்டாப்": சுடுவதை நிறுத்தி, நகராமல் நின்று, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். "ஏன்?" என்று திரும்பிப் பார்க்கவே கூடாது. நீங்கள் திரும்பினால் துப்பாக்கியும் சேர்ந்து திரும்பும்.

ஒரு உதாரணம். ஒரு குண்டு வழக்கமான சத்தம் இல்லாமல் "பொத்" என்று வெடித்தால், அது குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கக்கூடும். அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். ஓட்டத்தின் வேகத்தில் உங்களுக்கு அது தெரியாது, பின்னால் நிற்பவர் காதில் விழும், "ஸ்டாப்" என்பார். சோதித்ததில் எதுவும் சிக்கவில்லை என்றால் நீங்கள் அந்த ஸ்டேஜை மறுபடி சுட வேண்டும், விதியே அப்படித்தான். ஆகவே அவர் சந்தேகத்தின் பேரில் நிறுத்தினாலும் உங்கள் ஓட்டம் வீணாகாது.

ஆனால் "ஃபிங்கர்", "மஸில்" போன்ற எச்சரிக்கைகளுக்கு மறுவாய்ப்பு கிடையாது. "நீங்கள் கத்தியதில் கவனம் சிதறிவிட்டது, இன்னொரு தடவை சுடுகிறேன்" என்று கேட்டால் கிடைக்காது.

படி 3: கை முதலில், வாய் அப்புறம்

எச்சரிக்கை கேட்டதும் கை மட்டும் பதில் சொன்னால் போதும். விரல் வெளியே, அல்லது குழல் மண்மேட்டை நோக்கி. "சாரி" கூட வேண்டாம். சரிசெய்துவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம்.

படி 4: துப்பாக்கி உறைக்குள் போன பிறகு கேளுங்கள்

"ரேஞ்ச் இஸ் க்ளியர்" சொன்ன பிறகுதான் பேச்சு. அடுத்தவர் தயாராவதற்குள் ஓரமாகப் போய், எந்த இடத்தில், எந்த அசைவின்போது, குழல் எந்தப் பக்கம் போனது என்று கேளுங்கள். "நான் அப்படிச் செய்யவில்லையே" என்று ஆரம்பித்தால் மனுஷன் வாயை மூடிக்கொள்வார். சரியாகக் கேட்டால் கையால் செய்தே காட்டுவார்.

அடிக்கடி வரும் பதில் இது. வலதுகைக்காரர் இடப்பக்கமாக ஓடிக்கொண்டே மேகஸின் மாற்றுகிறார். இடது கையில் இருக்கும் புது மேகஸினுக்கு வாகாக வலது மணிக்கட்டு தானாகத் திரும்பும், குழல் உடம்புக்கு இடப்பக்கம் சாயும். உடம்பே ஏற்கெனவே இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதால், அந்தச் சின்னச் சாய்வே குழலைக் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்விடும். உங்கள் கண் மேகஸின் மேல் இருப்பதால் உங்களுக்கு இது தெரியவே தெரியாது. வலப்பக்கம் ஓடும்போது இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதே சாய்வு அப்போது குழலை மண்மேட்டுப் பக்கமே தள்ளும்.

படி 5: அதை மட்டும் பழகுங்கள்

வீட்டில் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவைத்துவிட்டு, காலித் துப்பாக்கி, காலி மேகஸினோடு மெதுவாக நடந்து பாருங்கள். அறையின் ஒரு சுவரை மண்மேடாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நடக்கும்போது குழல் அந்தச் சுவரைவிட்டு விலகாமல் மேகஸின் மாற வேண்டும். முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டால் சுலபம். அதுவும் வரவில்லையா? கிளம்புவதற்கு முன்பு நின்ற இடத்திலேயே மாற்றிவிட்டு ஓடுங்கள். ஒரு நொடி போகும், போகட்டும்.

போட்டி மைதானத்தில் பழக வேண்டுமானால் அதற்கென்று ஒதுக்கிய சேஃப்டி ஏரியா மட்டும்தான். அங்கே தோட்டாவைத் தொடவே கூடாது, டம்மித் தோட்டாவையும் சேர்த்துத்தான்.

படி 6: டி.க்யூ. ஆகிவிட்டால்

டி.க்யூ. (டிஸ்குவாலிஃபிகேஷன், தகுதிநீக்கம்) என்றால் முழுப் போட்டியிலிருந்தும் வெளியே. ஆர்.ஓ. சொல்கிறபடி துப்பாக்கியைக் காலிசெய்து காட்டிவிட்டு உறையில் வையுங்கள். ரேஞ்ச் மாஸ்டர் வருவார், காரணத்தைச் சொல்வார். துப்பாக்கி கீழே விழுந்துதான் டி.க்யூ. ஆனது என்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: விழுந்த துப்பாக்கியை நீங்கள் எடுக்கக் கூடாது, ஆர்.ஓ.தான் எடுப்பார். பதறிப்போய்க் குனிந்து எடுப்பவர்கள்தான் அதிகம்.

தீர்ப்பு தவறு என்று தோன்றினால் முறையீட்டுக்கு வழி இருக்கிறது. சீஃப் ரேஞ்ச் ஆபீசர், பிறகு ரேஞ்ச் மாஸ்டர், அதற்கும் மேலே நடுவர் குழு. ஆனால் பாதுகாப்பு மீறலில் குழு பார்ப்பது, தண்டனையை மறுபரிசீலிக்கும் அளவுக்கு அசாதாரணச் சூழல் ஏதாவது இருந்ததா என்பதை மட்டுமே. ஆர்.ஓ. கண்ணால் கண்டதாகச் சொன்ன மீறல் நடந்ததா இல்லையா என்று அங்கே வாதாட முடியாது. கொஞ்சம் கறாரான விதிதான். ஆனால் குழல் திரும்பியதை உண்மையில் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

அன்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஸ்குவாடோடு இருந்து இலக்கு அட்டைகளில் ஓட்டைகளை ஒட்டிக்கொடுங்கள். கட்டாயமில்லை, ஆனால் இந்த வட்டாரத்தில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

அடுத்த போட்டியில்

உங்கள் முறை வந்ததும், "மேக் ரெடி"க்கு முன்பே டைமர்காரரிடம் சொல்லிவிடுங்கள்: "நான் புதுசு. போன தடவை இடப்பக்கம் ஓடும்போது மஸில் வார்னிங் வாங்கினேன்." பெரும்பாலும் தலையை ஆட்டிவிட்டு, உங்கள் வலது தோளுக்குப் பக்கத்தில் ஒரு அடி நெருங்கி வந்து நின்றுகொள்வார்.