குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை: கைக்குழந்தையோடு போய்வருவது எப்படி?

சென்னையில் பிறந்த குழந்தைக்குக் குலதெய்வம் 600 கிலோமீட்டருக்கு அப்பால், திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கும். பிறந்த முடியை அங்கே போய் இறக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் குழந்தையின் முதல் நெடும்பயணம் இதுதான். நாள் குறிப்பது, சொந்தங்களுக்குச் சொல்வது, பொங்கலுக்கு அரிசி வாங்குவது என எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, கடைசியில்தான் குழந்தையைப் பற்றி யோசிக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். குழந்தை எப்போது தூங்கும், எப்போது பசிக்கும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குத் தக்கபடி நகரட்டும். எந்தச் சாமியும் குழந்தை தூங்கி எழும்வரை காத்திருக்கும்.

முதன்முறையாகப் போகும் பெற்றோருக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: மாதத்தையும் நாளையும் முடிவு செய்யுங்கள்

வழக்கப்படி ஒற்றைப்படை மாதத்தில் முடி இறக்குவார்கள்: 7, 9, 11. இந்த மூன்றில் 9ஆம் மாதத்தை நான் தவிர்ப்பேன். 9 மாதம் நிறைந்ததும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடுவார்கள். அந்த ஊசிக்குக் காய்ச்சல் வருவதானால் உடனே வராது, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து வரும். இரண்டாம் வாரத்திலும் வரலாம். ஊசி போட்டு நான்கு நாள் நன்றாக இருந்த குழந்தைக்கு ரயிலில் உடம்பு சுட ஆரம்பித்தால் பெற்றோர் பதறிப்போவார்கள். 7ஆம் மாதத்தில் குழந்தை ஓரளவு உட்காரத் தொடங்கியிருக்கும், புதுமுகம் பார்த்து அழும் பழக்கமும் இன்னும் முற்றியிருக்காது. அதனால் எனக்கு 7ஆம் மாதத்தின் கடைசி வாரம் பிடிக்கும். கழுத்தும் முதுகும் இன்னும் உறுதிப்படவில்லை என்று தோன்றினால் 11ஆம் மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

தை, மாசியில் தென்மாவட்டங்களில் வெயில் பொறுக்கும்படி இருக்கும். சாஸ்தா கோயில்காரர்கள் பங்குனி உத்திரத்தன்றே போக வேண்டும் என்பார்கள். அன்று கூட்டமும் வெயிலும் ஒன்றுசேரும், நிழலில் ஒரு பாய் விரிக்க இடம் கிடைக்காது. பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: உத்திரத்துக்குப் பெரியவர்கள் போகட்டும், குழந்தையை மாசியில் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை அழைத்துப் போகலாம்.

படி 2: பக்கத்தில் போய்ப் பழகுங்கள்

ஊருக்குப் போவதற்கு முந்தைய மாதம் முழுவதும் சின்னச் சின்ன வெளிநடைகள் போய்வாருங்கள். முதலில் மாலையில் அரைமணி நேரம் பூங்கா. அடுத்து பஸ்ஸில் நான்கைந்து நிறுத்தம். பிறகு, சொந்தக்காரர் வீட்டில் ஒரு பகல், அங்கேயே ஒரு தூக்கம். வேற்றிடத்தில் தூங்கப் பழகுவதுதான் இதில் முக்கியம். வீட்டில் தூளியில் மட்டுமே தூங்கும் குழந்தையைத் தினம் ஒரு வேளையாவது பாயில் படுக்கவைத்துத் தூங்கச் செய்யுங்கள். பயணத்தில் எப்போதும் தூளி கட்ட முடியாது.

இந்த நடைகளிலேயே உங்கள் பையும் சரியாகிவிடும். எதை ஒருமுறைகூட எடுக்கவில்லையோ அதை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

படி 3: டிக்கெட்டும் வண்டியும்

இரவு ரயில்தான் கைக்குழந்தைக்கு ஏற்றது. சென்னையில் ஏறினால் காலையில் திருநெல்வேலியில் இறங்கலாம். பயணத்தின் பெரும்பகுதி தூக்கத்தில் கழியும். 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஆனாலும் முன்பதிவின்போது குழந்தையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தாய்க்குக் கீழ்ப்படுக்கை அவசியம். அது கிடைக்காவிட்டால் வண்டி ஏறியதும் டிக்கெட் பரிசோதகரிடம் கேளுங்கள், பக்கத்தில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். கைக்குழந்தையைப் பார்த்தால் யாராவது மாற்றிக்கொடுப்பார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்குக் கார் பேசிக்கொள்ளுங்கள். சொந்தக் கார் என்றால் பின்னோக்கிப் பார்க்கும்படி பொருத்தும் குழந்தை இருக்கை வேண்டும். வாடகைக் காரில் அது இருக்காது. பின்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, குழந்தையைத் தனியாக அணைத்துப் பிடியுங்கள். இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போடக் கூடாது. ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். மடி என்பது இருக்கைக்கு ஈடாகாது. முடிந்தவர்கள் இருக்கை உள்ள வண்டியையே தேடுங்கள்.

ஊரில் யாராவது "ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மறுத்துவிடுங்கள். 9 மாதத்திலிருந்து 4 வயதுவரை உள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் தலைக்கவசமும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் கட்டாயம், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 7 மாதக் குழந்தையின் தலைக்குப் பொருந்தும் கவசம் கடையில் கிடைப்பதே அரிது.

படி 4: ஒரு பை, அதற்குள் மூன்று பைகள்

ஒரே பெரிய பைக்குள் எல்லாவற்றையும் திணித்தால் நள்ளிரவில் டயப்பர் கிடைக்காது. மூன்று சிறு துணிப்பைகளாகப் பிரியுங்கள்.

முதல் பை உடைமாற்ற: மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு டயப்பர், அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக. பழைய வேட்டியைக் கிழித்த துணிகள் நிறைய, ஒரு ரப்பர் விரிப்பு, அழுக்குத் துணிக்குக் கவர். சட்டைகள் எல்லாம் முன்பக்கம் பொத்தானோ நாடாவோ வைத்தவையாக இருக்கட்டும். மொட்டை அடித்த தலைவழியாகச் சட்டையை இழுத்துக் கழற்றுவது குழந்தைக்கு எரிச்சலைக் கொடுக்கும்.

இரண்டாம் பை சாப்பாட்டுக்கு. அதைப் படி 6இல் சொல்கிறேன்.

மூன்றாம் பை அவசரத்துக்கு: தெர்மாமீட்டர், குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவர் எழுதித்தந்த காய்ச்சல் சொட்டு மருந்து, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தடுப்பூசி அட்டை. அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ரயிலில் இரவு

ஏறியதும் பாலூட்டிவிடுங்கள். வண்டி கிளம்பும் அமளியில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதால், புடவையில் தூளி கட்டி ஆட்டுவது நம் வழக்கம். கட்டுவதானால் நல்ல பருத்திப் புடவையில் கட்டுங்கள். பட்டும் நைலானும் முடிச்சில் வழுக்கும். மேல்படுக்கையைத் தாங்கும் கம்பியில் இரட்டை முடிச்சு போட்டு, உங்கள் இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பார்த்த பிறகே குழந்தையைக் கிடத்துங்கள். தூளியின் அடிப்பாகம் கீழ்ப்படுக்கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கட்டும், நடைபாதைக்கு மேலே தொங்கவே கூடாது. துணி முகத்தை மூடாமலும், தாடை மார்பில் மடிந்து அழுத்தாமலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். தாடை மடிந்தால் கைக்குழந்தைக்கு மூச்சு தடைபடும்.

குழந்தை கண் அயர்ந்ததும் எடுத்துக் கீழ்ப்படுக்கையில் சுவரோரமாக மல்லாக்கப் படுக்கவையுங்கள். இரவு முழுவதும் தூளியில் விடாதீர்கள். கம்பளியைக் குழந்தைக்குப் போர்த்த வேண்டாம், ஏசி பெட்டி என்றால் கூடுதலாக ஒரு சட்டையும் காலுறையும் போதும். பெரியவர்கள் இருவரும் முறைவைத்து விழித்திருங்கள். வழியில் உடம்புக்கு ஏதாவது என்றால் ரயில்வேயின் 139 எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம், அடுத்து வரும் நிலையத்தில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

படி 6: வழிச்சாப்பாடு

6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குமேல் தாய்ப்பாலோடு வீட்டில் ஏற்கெனவே பழகிய உணவுகள்: காலையில் இட்லி, மசித்த வாழைப்பழம், வறுத்துப் பொடித்த கேழ்வரகு மாவில் அங்கேயே காய்ச்சிய கூழ். பயண நாளில் புது உணவு எதையும் அறிமுகப்படுத்தாதீர்கள். கொதிக்கவைத்த தண்ணீரைப் பிளாஸ்கில் எடுத்துச் செல்லுங்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால்மாவை ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனி டப்பாவில் அளந்துவைத்து, பசிக்கும்போது கலக்குங்கள். குடிக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் தாண்டிய மீதியைக் கொட்டிவிடுங்கள். சங்கு, பாலாடை, கிண்ணம் எதுவானாலும் கொதிநீரில் போட்டெடுத்து மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பூட்டியிருந்தால் கூச்சப்படாமல் நிலைய அலுவலகத்தில் சாவி கேளுங்கள். அது உங்கள் உரிமை. கோயிலில் அப்படி அறை இருக்காது, நிழலில் நிறுத்திய காரும் ஒரு பெரிய துண்டும் போதும்.

படி 7: முடி இறக்குதல்

காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், எட்டு மணிக்குள் என்றால் நல்லது. குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்து, பால் குடித்து அரைமணி நேரம் ஆன பிறகு உட்காரவையுங்கள். வயிறு நிறைந்த கையோடு உட்காரவைத்தால் அழுகையில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

புது பிளேடு பாக்கெட்டை நீங்களே வாங்கிச் செல்லுங்கள். முடி எடுப்பவர் அதை உங்கள் கண்ணெதிரே பிரித்துக் கத்தியில் பொருத்தட்டும். கத்தியின் பிடியையும் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை.

குழந்தை தாய்மாமன் மடியில் உட்காரும். மாமாவுக்கு முந்தின நாளே ஒத்திகை கொடுத்துவிடுங்கள். அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையின் முதுகைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்து, ஒரு கையால் குழந்தையின் இரு கைகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மற்றொரு கை தாடைக்கடியில் தாங்கலாக இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் குழந்தை திமிறும். அம்மா எதிரில், குழந்தையின் கண்மட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கட்டும். சுற்றி நின்று கைதட்டுகிற பத்துப் பேரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மேளம் வைத்திருந்தால் அதையும் முடி எடுத்த பிறகு வாசிக்கலாம்.

தலையை வெதுவெதுப்பான நீரில் நன்றாக நனைத்து ஊறவிட்டால் கத்தி இழுக்காது. உச்சிக்குழி இந்த வயதில் மூடியிருக்காது, அது மூட ஒன்றரை வயதுகூட ஆகும். அந்த இடத்தில் கத்தி அழுந்தாமல் மேலாகப் போக வேண்டும் என்று முடி எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குழந்தை உடம்பை முறுக்கி அழுதால் நிறுத்திவிட்டு, தோளில் போட்டு நடந்துவிட்டு, பிறகு தொடருங்கள். பாதி மொட்டையோடு பத்து நிமிடம் இருப்பதில் சாமிக்குக் குற்றமில்லை. மழுமழுவென்று இருக்க வேண்டும் என்று இரண்டாம் முறை வழிக்கச் சொல்லாதீர்கள், கீறல்கள் பெரும்பாலும் அதில்தான் விழுகின்றன.

கீறல் விழுந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். திருநீறு, மஞ்சள்தூள் எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். கோயில் வாசலில் விற்கும் சந்தனத்தில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. வீட்டிலிருந்து சந்தனக்கட்டையும் கல்லும் கொண்டுபோய்க் கொதித்து ஆறிய நீரில் உரைத்து, கீறல் படாத இடத்தில் மெல்லிசாகப் பூசுங்கள். வெந்நீரில் குளிக்கவைத்து, கழுத்து மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிய முடியைத் துடைத்தெடுத்து, உடை மாற்றி, பருத்தித் தொப்பி போட்டுவிடுங்கள். முடியில்லாத தலை வெயிலில் சீக்கிரம் கன்றும்.

படி 8: காது குத்துவது அன்றேயா?

வேறொரு நாள் என்றால் குழந்தைக்கு நிம்மதி. குடும்பம் மறுபடி ஒன்றுகூட முடியாது என்றால், மொட்டையை முதலில் வையுங்கள், காதைக் கடைசியில் குத்துங்கள். வலியில் அழும் குழந்தை கத்திக்கு அசையாமல் உட்காராது, குளிக்கும்போது புதுத் துளையிலும் தண்ணீர் படும். 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகள் முடிந்திருக்க வேண்டும், அவற்றில்தான் டெட்டனஸ் தடுப்பும் இருக்கிறது.

படி 9: சொந்தங்கள் நடுவில்

எல்லோருக்கும் தூக்கிக் கொஞ்ச ஆசை இருக்கும். அதில் தவறில்லை. சளி, இருமல் உள்ளவர்கள் தள்ளி நிற்கட்டும், மற்றவர்கள் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும், முகத்தில் முத்தம் வேண்டாம். இதை அம்மா சொன்னால் மனத்தாங்கல் வரும், பாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கில் தேன் தடவ யாராவது வருவார்கள். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது, அதிலிருக்கும் நுண்கிருமி வித்துகள் கைக்குழந்தைக்கு உயிராபத்தான நஞ்சை உண்டாக்கலாம். பொங்கலில் கிடக்கும் முழு முந்திரி, பொரிகடலை, முறுக்கு ஆகியவை தொண்டையில் அடைக்கும்.

படி 10: எப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

உடம்பு சுட்டுச் சோர்ந்து கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், எழுப்பியும் எழாமல் துவண்டால் பூஜை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனை எங்கே என்று முந்தின நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

படி 11: திரும்பிய பிறகு

அன்றே ரயிலேறாமல் ஓர் இரவு ஊரில் தங்கி வாருங்கள். வீட்டுக்கு வந்தபின் சில நாள் தூக்க நேரம் மாறியிருக்கும், பழைய நேரத்துக்குக் கொண்டுவர அவசரப்பட வேண்டாம். தலையில் தினமும் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கீறல் சிவந்து வீங்கினாலோ சீழ் கோத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். முடி முளைக்கும்போது அரிக்கும், குழந்தை தலையைப் பிறாண்டிக்கொள்ளும். விரல் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.