கூரைக்குக் கூரை லேசர் இணையம்: பினாங்கில் நாங்கள் அமைத்த விதம்

ஆயர் ஈத்தாமில் தம்பி நடத்தும் டியூஷன் வகுப்புக்கு ஃபைபர் வரவில்லை, எங்கள் அடுக்குமாடிக்கு வந்துவிட்டது. நடுவில் 600 மீட்டர். இரண்டு மொட்டைமாடியிலும் லேசர் கருவி வைத்து இணைத்தோம்.

ட்ரோனையும் லேசரையும் சேர்த்து வானத்திலிருந்து இணையம் தர ஃபேஸ்புக் முயன்ற அக்குயிலா திட்டம் 2018-ல் நின்றுபோனது. ஆனால் தரையில் லேசர் நன்றாகவே வேலை செய்கிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டில் உருவான ‘தாரா’ லேசர் கருவிகள் காங்கோ ஆற்றுக்கு மேலாக ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தாண்டி பிராசவில்லையும் கின்ஷாசாவையும் இணைத்தன.

நமக்கு ட்ரோன் அரை மணி நேரம் போதும். கருவி வரப்போகும் உயரத்தில் நிறுத்தி எதிர்க் கூரையைப் படம் எடுங்கள். எங்கள் படத்தில் ஒரு மாமரக் கிளை குறுக்கே இருந்தது, கீழிருந்து பார்த்தபோது தெரியவே இல்லை. பாயான் லெப்பாஸ் விமான நிலையமும் பட்டர்வொர்த் விமானப்படைத் தளமும் உள்ள ஊர் இது. அனுமதி விவரத்தைக் கேட்டுக்கொண்டு பறக்கவிடுங்கள்.

அப்புறம் கருவியைத் தாங்கி நிற்கும் கம்பி. இதில்தான் நான் தவறு செய்தேன். தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டினேன். காலை எட்டு மணிக்கு, குறிபார்க்கக் கருவியில் உள்ள தொலைநோக்கியின் குறுக்குக்கோடு எதிரே இருந்த கருவியின் நடுவில் நின்றது. மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் பக்கத்து ஜன்னல் கம்பியில் நிற்கிறது! வெயிலில் இரும்பு விரிந்திருக்கிறது. ஒரு மீட்டர் கம்பியின் தலை 1 மில்லிமீட்டர் சாய்ந்தால், 600 மீட்டரில் கதிர் 60 சென்டிமீட்டர் விலகும். கான்கிரீட் தூணில், குட்டைக் கம்பியில் மாட்டுங்கள்.

கிழக்கு மேற்காக வைத்தால் தாழ்ந்த வெயில் நேராக லென்ஸில் விழும், முடிந்தால் கருவி நிற்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி வையுங்கள். கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கருவி ஓடும்போது தொலைநோக்கியால் எதிர்க் கருவியை நேராகப் பார்க்கவே கூடாது. பிள்ளைகளையும் மாடிக்கு விடாதீர்கள்.

பினாங்கு மழையை லேசர் ஓரளவு தாங்கும். கொடிமலையிலிருந்து (பினாங்கு ஹில்) இறங்கும் மூடுபனியும் அடர்ந்த புகைமூட்டமும்தான் அதற்கு எதிரி. ஆகவே அதே கம்பியில் வைஃபை போல ரேடியோ அலையில் இணையம் அனுப்பும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்றையும் துணைக்கு வையுங்கள். லேசர் தடைபட்டால் வேகம் குறையும், வகுப்பு நிற்காது. மாதம் ஒரு ஞாயிறு காலை லேசரை நீங்களே அணைத்து, ரேடியோ தானாக ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள்.