லெப்பர்ட் ராஸ் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வாங்கிய லெப்பர்ட் ராஸ் என்ற கடல் அலங்கார மீன் நான்கு நாட்களாகக் கண்ணில் படவில்லை என்றும், அது செத்து அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சத்தில் மணலைக் கிளறிப் பார்த்ததாகவும் சென்ற வாரம் ஒரு நண்பர் சொன்னார். தொடக்க காலத்தில் நானும் இதையே செய்து ஒரு மீனை இழந்தவன். உப்பின் அளவு, வெப்பநிலை, அம்மோனியா ஆகியவற்றைக் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் அனைவரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மணலைக் கிளறுதல்

இந்த மீன் ஒவ்வோர் இரவும் மணலுக்குள் புதைந்தே உறங்கும். மிரண்டாலும் அங்கேதான் பாயும். பயணக் களைப்போடு வந்த மீன் தொட்டியில் விட்டவுடன் மணலுக்குள் மறைந்து, ஒரு வாரத்திற்கு மேலும் தலைகாட்டாமல் இருப்பது உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தோனேசியாவின் பாலித் தீவிலிருந்து வந்த மீன் சில நாட்களுக்கு அவ்வூர்ப் பொழுதையே பின்பற்றும். அங்கே மாலை ஆறரை ஆகும்போது சென்னையில் பிற்பகல் நான்கு மணிதான். மீன் அப்போதே உறங்கப் போய்விடுவதால், அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புபவருக்கு வெறும் தொட்டிதான் தெரியும்.

இதை அறியாமல் ஐந்தாம் நாள் நான் வலையின் கைப்பிடியால் மணலைக் கிளறினேன். மணல் புகைபோல் எழும்ப, அதற்குள்ளிருந்து சீறிப் பாய்ந்த மீன் முன்கண்ணாடியில் மோதியது. மேலுதடு கிழிந்துவிட்டது. உணவருகே வருவதும், வாயைத் திறந்து பார்த்துவிட்டு விலகுவதுமாக நான்கு நாட்கள் தவித்து அது இறந்தது. 'காணவில்லை என்றால் கிளறிப் பாருங்கள்' என்று மீனை விற்பவர்களே சிலர் இன்றும் சொல்லியனுப்புவது எனக்கு மிகுந்த எரிச்சலைத் தருகிறது.

செத்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் அழுகும் உடலிலிருந்து வெளியாகும் அம்மோனியாவைத் தினமும் சோதித்தால் போதும்; முதிர்ந்த தொட்டியில் இவ்வளவு சிறிய உடலை நத்தைகளும் புழுக்களுமே தின்று தீர்த்துவிடும். இரண்டு வாரங்களாவது மணலைத் தொடக் கூடாது.

கரடுமுரடான மணல்

நொறுங்கிய பவளத் துணுக்குகள் புதையும் மீனின் உடலைக் கீறும். மென்மையான மணல் குறைந்தது 5 செ.மீ. ஆழத்திற்கு வேண்டும். புதிய மீனைச் சில நாட்கள் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணல் நிரப்பி வைக்க வேண்டும்.

புதிய தொட்டியில் விடுதல்

இலங்கைக் கடல் முதல் இந்தோனேசியா வரை வாழும் ஆர்னேட் லெப்பர்ட் ராஸ் என்ற வகையைக் கவனித்தால், அது ஒரு கண்ணைப் பாறைமீது சாய்த்துச் சற்று நின்று, பிறகு நமக்குத் தெரியாத எதையோ கொத்துவதைக் காணலாம். கோபிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகளும் மிகச் சிறிய நத்தைகளும் ஃபொராமினிஃபெரா என்ற ஓடுள்ள ஒருசெல் உயிர்களுமே அதன் இரை. பாறைகளில் இவை பெருகப் பல மாதங்கள் ஆகும். உறைய வைத்த உணவுக்குப் பழகும் வரை மீன் இவற்றை நம்பியே உயிர்வாழ்கிறது. பழகிய பிறகும் நாளொன்றுக்கு மூன்று முறையாவது சிறிது சிறிதாக இரையிட வேண்டும். வயிறு ஒட்டிப்போன மீனைக் கடையில் கண்டால் இரக்கப்பட்டுக்கூட வாங்க வேண்டாம்.

மூடியில்லாத தொட்டி

துள்ளி வெளியே விழும். நெருக்கமான வலைமூடி கட்டாயம்.

இரண்டு ஆண்களைச் சேர்த்தல்

முதலில் பெண்ணாக வளர்ந்து, வலியது பின்னர் ஆணாக மாறும் இனம் இது. இரண்டு ஆண்களைச் சேர்த்தால் சண்டையிடும்; ஆகவே இரண்டு மீன்கள் வேண்டுமென்றால் சிறிய பெண்களாகவே வாங்குங்கள்.