மீட்டர் விளக்கின் சிமிட்டலைக் கொண்டு வாட் கணக்கிடுவது எப்படி?

மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி, அதாவது 36 லட்சம் ஜூல் ஆற்றல். அந்த ஆற்றல் நொடிக்கு எத்தனை ஜூல் வீதம் செலவாகிறது என்பதே வாட். வீட்டிலுள்ள மின்னணு மீட்டரும் கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சும் இருந்தால் இவ்விரண்டையும் நேரில் அளந்து பார்த்துவிடலாம்.

முதலில், ஒரு கிலோவாட்-மணிக்கு எத்தனை துடிப்புகள் (அதாவது, மீட்டரிலுள்ள சிறு விளக்கின் சிமிட்டல்கள்) என்று மீட்டர் முகப்பில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 3200 என்றிருந்தால், ஒவ்வொரு சிமிட்டலும் 36,00,000 ÷ 3200 = 1125 ஜூல்.

அடுத்து, சோதிக்கும் கருவியைத் தவிர மற்ற அனைத்தையும் நிறுத்துங்கள். இன்வெர்ட்டரும் வைஃபை ரூட்டரும் இதில் அடங்கும்.

பலரும் இடறுவது எண்ணும்போதுதான். ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கும் சிமிட்டலைப் ‘பூஜ்யம்’ என்றே எண்ண வேண்டும். அதை ‘ஒன்று’ என்று எண்ணிப் பத்தில் நிறுத்தினால் கையில் இருப்பது ஒன்பது இடைவெளிதான், விடையோ ஏறக்குறைய 11 சதவீதம் கூடிவிடும். பின்னர் 1125-ஐ ஓர் இடைவெளியின் நொடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். 15 நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 75 வாட். சாதாரண சீலிங் ஃபேன் இந்த அளவில்தான் இருக்கும்.

1500 வாட் ஹீட்டரில் 20 இடைவெளிகள் 15 நொடியில் முடிய வேண்டும். ஏறத்தாழ 20 நொடி ஆனால் மீட்டரைச் சந்தேகிக்காமல் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஹீட்டர் கம்பியின் மின்தடை பெரிதாக மாறாததால், திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் 1500 வாட் சுமார் 1134 ஆகிவிடும். இதனால் யூனிட் மிச்சமாகாது. அதே நீர் சூடாகக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இதற்காக, கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குவது வீண் செலவு என்பேன். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் ஹீட்டருக்குச் சரியான வாட் வரும். ஃபேன் போன்ற மோட்டார்களில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை என்பதால், பெருக்குத்தொகை உண்மையான வாட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பின்சேர்க்கை: ஃபிரிட்ஜுக்கு இம்முறை பொருந்துமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கம்ப்ரெசர் விட்டுவிட்டு ஓடுவதால் சில நிமிட அளவீடு போதாது. பிளக்கில் செருகும் வாட்மீட்டரில் ஒரு முழு நாள் யூனிட்டைப் பார்ப்பதே நல்லது. கூரையில் சூரியத் தகடு வைத்திருப்போர் இருட்டிய பிறகு அளவிடுங்கள். மின்சாரம் வெளியே போகும்போதும் விளக்கு சிமிட்டும் மீட்டர்கள் உண்டு.