பழைய கீசர் வாங்கிப் பொருத்தியது: என் அனுபவம்

மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டில், மார்கழிக் குளிரில் மூட்டுவலியால் சிரமப்படும் அம்மாவுக்காக, 25 லிட்டர் கொள்ளளவுள்ள பழைய கீசர் ஒன்றை வாங்கினேன். விலை பேசுவதற்கு முன்பே கீழ் மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தபோது தொட்டியில் துரு இல்லை. ஆனால் போர்வெல் உப்புநீரால் ஹீட்டிங் காயிலின் மீது சுண்ணாம்புப் படிவு கெட்டியாக ஏறியிருந்தது, தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியக் கம்பியும் பெரும்பாலும் தேய்ந்துபோயிருந்தது. இவ்விரண்டையும் மாற்றினோம். 2,000 வாட் காயில் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், எர்த் சரிபார்த்து 16 ஆம்பியர் பிளக்கைத் தனியாக அமைத்தோம். பாதுகாப்பு வால்வையும் பழையதாக விட எனக்கு மனம் ஒப்பவில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் பழுதானால், ஏறும் அழுத்தத்தை வெளியேற்ற அது ஒன்றே மிஞ்சும். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையின்றி வந்து தொட்டி நிறைந்ததை உறுதிசெய்த பிறகே சுவிட்சைப் போட்டோம்.